அத்தை கம்ப்யூட்டரைப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் கண் திறக்க மறுத்ததும், அத்தையைக் கூட்டிப் போக அவள் புகுந்த வீட்டார் வந்ததும் ஒரே ஞாயிற்றுக்கிழமையாக அமைந்துவிட்டது.

அத்தை, அப்பாவின் தங்கை. அந்த வருட மழைக்காலத்தில் நாகர்கோவிலிலிருந்து ஒற்றைப் பையோடு கரமனையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்று அவள் கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி என்றார்கள். நான் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்; பல்வலி என்றால் எனக்குப் பல்வலிதான்.

பகலில் சும்மா கிடந்த அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் அவள் தட்டச்சு பழகினாள். பிறகு பக்கத்துத் தெருவில் ஓர் ஆராய்ச்சி மாணவியின் ஆய்வேட்டை அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டாள். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். அடித்ததற்கு வேறு பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் அவளுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. ஞாயிறு காலையில் பொத்தானை அழுத்தினால் உள்ளே காற்றாடி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. கூடவே விடாமல் ஒரு பீப், பீப், பீப்.

எதிர் வீட்டு ரிப்பேர்க்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டார். "மதர்போர்டு போயி சேச்சீ. இனி நோக்கீட்டு காரியமில்லா," என்று மலையாளத்தில் சொல்லி, இனிப் பார்த்துப் பயனில்லை எனக் கைவிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"விடுட்டி," என்றார் அப்பா. "எப்படியும் கூட்டிட்டுப் போகத்தானே அவங்க வாறாங்க. இனி உனக்கு எதுக்கு இது?"

அப்பா குடையை எடுத்துக்கொண்டு விருந்தாளிகளை அழைத்துவர தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனதும், அத்தை என்னிடம் ஸ்குரூ டிரைவரைக் கேட்டாள்.

"அது செத்துப் போச்சுன்னுல்லா அவரு சொன்னாரு?"

"செத்தது கத்துமாட்டி? என்னமோ சொல்லுது. நமக்குத்தான் மனசிலாகல்ல."

பெட்டியைத் தரையில் சாய்த்துப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே தூசி பஞ்சு மாதிரி அப்பியிருந்தது. ஒரு மூலையில் எறும்புகள் முட்டைகளோடு குடித்தனம் நடத்தின. அம்மா முறத்தை எடுத்து வந்து அவற்றை அள்ளிப்போனாள். அத்தை ஒவ்வொரு வயராகப் பிடுங்கி, ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். ஹார்டு டிஸ்கைப் பிரித்தாள், பீப். சிடி டிரைவைப் பிரித்தாள், பீப். எதைப் பிரித்தாலும் அதே சத்தம் வந்தது. "அப்போ இது இல்ல," என்பாள், அடுத்ததற்குப் போவாள். எனக்கு அலுத்துவிட்டது. அவளுக்கு அலுக்கவில்லை.

கடைசியில் மிஞ்சியது மெமரி. சீப்பு போல இரண்டு பச்சைப் பட்டைகள். அவற்றின் தங்கநிற ஓரம் மழை ஈரத்தில் கறுத்திருந்தது. என் பென்சில் டப்பாவிலிருந்து அழிரப்பரை எடுத்து அந்த ஓரங்களைத் தேய்க்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் அப்பாவோடு அவர்கள் வந்தார்கள்: மாமாவும் அவருடைய அண்ணனும், நனைந்த வேட்டியோடு. மாமா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பெரிய மாமாதான் பேசினார். "என்னம்மா, கடை வச்சிருக்கியா? எழும்பி துணிமணியை எடு. சாயங்கால பஸ்சுக்குப் போணும்."

"இது பாதியில நிக்கு அண்ணாச்சி," என்றாள் அத்தை, நிமிராமல். "கொஞ்சம் இருங்க."

அம்மா கொடுத்த காபி ஆறியது. அத்தை இரண்டு பட்டைகளையும் மாட்டினாள், பீப். ஒன்றைக் கழற்றிவிட்டு அழுத்தினாள், பீப். பெரிய மாமா சத்தமாகச் சிரித்தார். அத்தையின் காது மடல் சிவந்தது. அந்தப் பட்டையையும் உருவிவிட்டு, மற்றதை மட்டும் குழியில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் 'டக்' என்று கேட்கும்வரை அமுக்கினாள். பொத்தானை அழுத்தினாள்.

ஒரே ஒரு பீப். திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. நான் கைதட்டினேன்.

அணைத்துவிட்டு, கழற்றிய மற்ற வயர்களையெல்லாம் நிதானமாக மாட்டி மறுபடி போட்டாள். ஆய்வேடு அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் திரும்பினாள்.

"நான் வரல்ல அண்ணாச்சி."

கம்ப்யூட்டரைப் பற்றித்தான் ஏதோ தகராறு என்று எனக்குத் தோன்றியது. அதனால் அவர்களுக்கு விளக்கினேன்: "அத்தை போனா இது பின்னயும் கெட்டுப்போவும் பெரிய மாமா. யாரு சரியாக்குவா?"

அம்மா என் தோளைப் பிடித்துக் கிள்ளினாள். அப்பா அத்தையின் தூசி படிந்து கறுத்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, தரையில் சிதறிக் கிடந்த ஸ்குருக்களைப் பொறுக்கி அவளிடம் நீட்டினார்.

"பிள்ளை சொன்னதைக் கேட்டீங்கல்லா அண்ணாச்சி? அவ இங்கயே இருக்கட்டும்."

என் பேச்சு எடுபட்டதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். மாமா மட்டும் வாசலில் நின்று, அன்று முதல்முறையாக வாய் திறந்து, அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து கீபோர்டு தட்டும் சத்தம்தான் வந்தது. மறுபடியும் கூப்பிட்டார். அவள் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நான் உள்ளே ஓடினேன்.

"அத்தை, மாமா கூப்பிடுதாரு."

"கேட்டுது மக்கா," என்றாள் அவள், விரல்களை நிறுத்தாமல்.

கேட்ட பிறகும் ஏன் எழுந்து வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை. வாசலுக்குத் திரும்பி ஓடி, "இப்ப வருவா, நில்லுங்க மாமா," என்று நானே சொல்லிவிட்டேன். அவரும் கொஞ்ச நேரம் நின்றார்.