கொழும்புக்கு இரண்டு மணி நேரம்

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி விமான நிலையம் ஒன்பது மைல். அங்கிருந்து கொழும்பு சுமார் இருநூற்றெண்பது மைல். விமானத்தில் இரண்டு மணி நேரம். ரயிலும் கப்பலும் மாறிப் போனால் ஓர் இரவும் ஒரு பகலும் ஆகும். அங்கே என் மகள் கோதை நிறைமாதமாக இருந்தாள். முதல் பிரசவத்தில் தனியாகக் கிடந்து குழந்தையைப் பறிகொடுத்தவள். இந்த முறை பக்கத்தில் இருந்தே தீருவது என்று டிக்கெட் வாங்கிவிட்டேன்.

1958 மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. விமானம் பத்தரைக்கு, ராகுகாலம் பிறக்கும் நேரம். என் கணவர் காலமான பிறகு வீட்டில் மைத்துனர் வைத்ததுதான் சட்டம்.

"சமுத்திரம் தாண்டப்படாது மன்னி. அதுலயும் ராகுகாலத்துலயா?" என்றார்.

கோதையை அனுப்பியபோது சமுத்திரம் குறுக்கே நிற்கவில்லை. மாப்பிள்ளைக்கு நல்ல சம்பளம். மைத்துனர் வாயை அடைக்கப் பரஸ்தானம் வைத்தேன். நல்ல வேளையில் ஒரு மூட்டையை வேறு வீட்டில் வைத்துவிட்டால் அப்போதே புறப்பட்டதாகக் கணக்கு. போகும்போது அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏழு மணிக்கு எதிர்வீட்டில் வைத்தேன். வெறும் புடவை வைத்தால் பயணம் ஆகுமா என்று பாஸ்போர்ட்டையும் அதில் செருகினேன்.

எட்டேகாலுக்குக் காதர் பாயின் டாக்ஸி. வாடகை ஆறு ரூபாய். விமான நிலையத்தில் பெட்டியை நிறுத்தார்கள், என்னையும் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். குமாஸ்தா பாஸ்போர்ட் கேட்டார். மூட்டை எதிர்வீட்டிலேயே இருந்தது.

"பத்தேகாலுக்கு மேல ஏத்த மாட்டோம்மா. இன்னொரு நாள் போயிக்கிறீங்களா?"

"இன்னிக்கேதான் போவேன்" என்றேன்.

"உக்காருங்கம்மா, அல்லா இருக்கான்" என்றார் வாசலில் இன்னும் டாக்ஸியோடு நின்ற காதர் பாய். காவிரிப் பாலத்தில் வைக்கோல் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஒன்பதரைக்கு வீடு சேர்ந்தோம்.

வாசலில் மைத்துனர். "திரும்பி வந்துட்டேள். பெருமாளே வேண்டாங்கறார்."

"பெருமாள் ஒண்ணும் சொல்லலை. நீங்கோதான் சொல்றேள்" என்று சொல்லி, எதிர்வீட்டில் மூட்டையை வாங்கிக்கொண்டு டாக்ஸியில் ஏறினேன். அவர் முகத்துக்கு நேரே நான் பேசியது அதுதான் முதல் தடவை. சுகமாக இருந்தது.

பத்து பன்னிரண்டுக்குப் பாஸ்போர்ட்டை நீட்டினேன். பத்து நாற்பதுக்கு விமானம் எழும்பியது. தொண்டிப் பக்கம் கரை முடிந்து நீலம் தொடங்கியது. நான் தாண்டவே கூடாத சமுத்திரம் ஒரு மணி நேரத்தில் முடிந்துபோயிற்று. மூட்டைக்காக அலைந்ததே அதைவிட அதிகம். பன்னிரண்டே முக்காலுக்குக் கொழும்பின் இரத்மலானை விமான நிலையத்தில் இறங்கினேன்.

நாலாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. வலி எடுத்ததிலிருந்து கோதை என் கையை விடவில்லை.

நாற்பது நாள் கழித்து, நான் கிளம்பும் வாரம், மைத்துனரின் கடிதம் வந்தது. பிராயச்சித்தம் செய்துகொண்டால்தான் சமையலறைக்குள் வரலாமாம். அன்றே பதில் எழுதினேன்:

"செய்துகொள்கிறேன். போன தடவை கோதை அழைத்தபோது தூரம் என்றீர்கள். அதை நம்பி நானும் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அந்தப் பாவத்துக்குச் செய்துகொள்கிறேன், கடல் தாண்டியதற்கு அல்ல."