ஒன்பதாம் நம்பர் ரேகை

இது நடந்தது. கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் மட்டும் தட்டைத் தள்ளி வையுங்கள். இடது கையை முகத்தருகே கொண்டுபோனால் எனக்கு இன்றைக்கும் அந்த நாற்றம் வருகிறது.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் எங்கள் மாவட்டத்தைப் பற்றி ஒரு பாடம் உண்டு. நீண்ட கடற்கரை, பழைய உப்பு வணிகம், இப்போது இறால் ஏற்றுமதி. படிக்க நன்றாகத்தான் இருக்கும். புத்தகத்துக்கு மூக்கு கிடையாதே! நான் சூப்பர்வைசராக இருந்த இறால் உரிக்கும் கூடத்தில் வந்து நின்றால் அந்தப் பாடம் முழுவதும் ஒரே கட்டடத்தில் தெரியும். இருநூறு வருடத்துக்கு முன் உப்பு வியாபாரிகள் கட்டிய கிடங்கு அது. அப்போது கடல் அரை மைல் தள்ளி இருந்ததாம். துறைமுகத்துக்குக் கல் கொட்டிய பிறகு, கடல் எங்கள் பக்கத்துக் கரையைத் தின்றுகொண்டே வந்து, பின்சுவருக்கு நாற்பது அடியில் நின்றது. கூடத்தின் தரைக்கு அடியில், ஆள் குனிந்து போகிற அகலத்துக்கு, கடல்வரை ஒரு கல்வாய்க்கால். இறால் கழுவிய தண்ணீர் அதில்தான் போகும். கடல் ஏறினால் போனதெல்லாம் திரும்பி வரும். சீ...

காலை ஆறிலிருந்து மாலை ஐந்தரை வரை நின்றபடி இறால் உரித்தால் விரல் நுனி வெந்துபோகும். தோல் வெள்ளையாக ஊறி, அப்புறம் உரியும். கூடத்துப் பெண்கள் இறாலை உரிக்கிறார்களா, இறால் அவர்களை உரிக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வரும். ரேகை அழிந்த விரலை வருகைப் பதிவு மெஷின் ஏற்காது. மேனேஜர் வாசலிலேயே நின்று, மூக்கில் கைக்குட்டையோடு சொன்னார்: "மூணு நாள் மெஷின்ல விழலைன்னா பேரை அடிச்சிடுவேன்." உள்ளே வர அவருக்குக் குமட்டும். அதனால் மெஷினில் ஆள் சேர்க்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

எனக்குப் பத்து விரல். ரேகை விழாதவர்கள், என் நாத்தனாரையும் சேர்த்து, ஒன்பது பேர். வலது பெருவிரலை எனக்கு வைத்துக்கொண்டு, மீதி ஒன்பதையும் அவர்கள் நம்பரில் பதிந்துவிட்டேன். காலையும் மாலையும் பத்து விரலையும் வரிசையாக வைப்பேன். ஒவ்வொன்றுக்கும் மெஷின் நம்பரைச் சொல்லி "தேங்க்யூ" என்னும். கடைசி விரல், இடது சுண்டுவிரல். சின்ன வயதில் பிளேடு கிழித்து நுனியில் குறுக்கே ஒரு தழும்பு. அது ஒன்பதாம் நம்பர். அந்தப் பெண்ணை நாங்கள் பூனை என்போம். அத்தனை மீன் வாசத்துக்கு நடுவிலும் சத்தமே போடாத பூனை.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை பூனை இறால் ஓட்டுக் கூடையைக் கொட்டக் கடல் பக்கம் போனாள். அப்படியே வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தோம். புதன்கிழமை வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று அவளுக்காகச் சுண்டுவிரலை வைத்தேன். வியாழன் வைத்தேன். வெள்ளி வைத்தேன். பெயர் அடிபடக் கூடாது, பாவம். நல்லதுதானே செய்கிறோம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை பூனையின் அக்கா வந்தாள்.

"என் தங்கச்சி நாலு நாளா வீட்டுக்கு வரலைங்க. இங்க வர்றாளா?"

மேனேஜர் மெஷினைப் பார்த்தார். "தினமும் வர்றாளே. காலையில ஆறு ரெண்டு, சாயந்திரம் அஞ்சு முப்பத்தெட்டு."

"வேலைக்கு மட்டும் வர்றாளா...?"

"எவன்கூடவாவது இருப்பா. விசாரிச்சுப் பாரும்மா."

நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறந்தால் ஒன்பது பேர் வேலை போகும், என் வேலையும் போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஒரு மனுஷியையே மறைத்தேன், த்தூ! போலீசுக்குப் போகக் கிளம்பி வந்தவள், மானம் போய்விடும் என்று தலைகுனிந்து வீட்டுக்குத் திரும்பினாள்.

அதற்கு முன்பே, வியாழக்கிழமையிலிருந்து வாய்க்கால் அடைத்துக்கொண்டிருந்தது. கூடத்தில் கணுக்கால் அளவு கழுவல் தண்ணீர், மேலே பாலாடை மாதிரி ஒரு ஏடு. ஃபினாயில் ஊற்றினேன். கடலில் கரைத்த பெருங்காயம்தான். வாய்க்காலின் கல்மூடியில் இருந்த ஓட்டை வழியாக நீள மூங்கிலை விட்டுக் குத்தினேன். எதிலோ முட்டியது. மெத்தென்று இருந்தது. குத்தினால் அமுங்கியது, எடுத்தால் திரும்பி வந்தது. ஓட்டுக் குவியல் என்று நினைத்து, தினமும் ஓங்கி ஓங்கிக் குத்தினேன்.

அடுத்த செவ்வாய், அமாவாசை. காலைக்குள் வாய்க்கால் திறக்க வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு.

"அண்ணி, நாளைக்குப் பார்த்துக்கலாம், வாங்க" என்றாள் நாத்தனார்.

"நீ போ. இந்த நாத்தம் புடிச்ச வேலை என் தலையில எழுதியிருக்கு."

மாலை 5.44. எல்லோரும் போன பிறகு விரல்களை வைத்தேன். ஒன்பது விரல் வைத்தாயிற்று. சுண்டுவிரலை வைக்கக் கை போகவில்லை. அந்த அக்காவின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. காலையில் பூனைக்கு 'உள்ளே' வைத்தாயிற்று. 'வெளியே' வைக்காமல் விட்டுவிட்டேன். ரப்பர் உறையை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு மூங்கிலை எடுத்தேன்.

6.20. கடல் ஏறத் தொடங்கியது. தரைக்கு அடியில் களக்... களக்...

6.31. கரண்ட் போனது. பேட்டரியில் ஓடும் மெஷினின் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. போன் டார்ச்சை அடித்தேன்.

மேசையில் ஒன்பதாம் நம்பர் நிற்கும் இடம். நான்தான் அதைத் தேய்த்துக் கழுவியிருந்தேன். இப்போது அங்கே ஒரு கைப்பிடி அளவு ஏதோ கிடந்தது. இறால் ஓடு தொட்டால் மொறமொறவென்று இருக்கும். இது கொழகொழவென்று... வெள்ளையாக... கோடு கோடாக.

தோல். விரல் நுனித் தோல்.

அங்கேயே வாந்தி எடுத்தேன்.

6.40. கல்மூடிக்கு அடியில்... டொக்.

டொக்... டொக்.

மூடி அசையவில்லை. ஆனால் தண்ணீரில் நடக்கிற சத்தம் கேட்டது.

சப்... சப்... சப்...

என்னைத் தாண்டிப் போனது. அழுகல் நாற்றம் முகத்தில் அறைந்தது. வாசலை நோக்கிப் போனது.

6.47.

"ஒன்பது. தேங்க்யூ."

வாசலில் இருந்த மெஷினுக்கும் எனக்கும் பத்தடி தூரம்.

மெஷின் கண்ணாடியில் டார்ச் அடித்தேன். சளி மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. நடுவில் பருப்பு அளவு ஒரு துண்டுத் தோல். அதில் குறுக்கே... ஒரு தழும்பு.

இடது உறையைக் கழற்றினேன். உறை கிழியவில்லை. சுண்டுவிரல் நுனியில் தோல் இல்லை. ரோஜா நிறத்தில் பச்சைச் சதை.

வலிக்கவே இல்லை.

ஓடினேன்.

மறுநாள் காலை மெஷின் கண்ணாடியில் அந்தத் துண்டுத் தோல் இல்லை. ஆட்கள் வந்து கல்மூடியைத் தூக்கினார்கள். கூடை கொட்டும்போது வாய்க்கால் வாயில் தவறி விழுந்திருக்கிறாள். ஏறிவந்த கடல் உள்ளே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. மேலே சொல்ல மாட்டேன். நான் மூங்கிலால் குத்திய இடங்கள் தெரிந்தன.

பிணவறையில் அக்காவால் அடையாளம் சொல்ல முடியவில்லை. முகம் என்று ஒன்று இல்லை. ஒன்பது விரல் நுனிகளை நண்டு தின்றிருந்தது. ஒரே ஒரு விரல் மட்டும் புதுசாக, முழுசாக இருந்தது. இடது சுண்டுவிரல். இன்ஸ்பெக்டர் மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். மணி 11.15. அந்த விரலைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார்கள்.

"ஒன்பது. தேங்க்யூ."

"மெஷின் பொய் சொல்லாதுங்க" என்றார் மேனேஜர்.

"என் தங்கச்சி சுண்டுவிரல்ல தழும்பே கிடையாதுங்க" என்றாள் அக்கா. யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

செத்து ஏழு நாளுக்குக் குறையாது என்றார் டாக்டர். மெஷினில் கடைசிப் பதிவு முந்தின நாள் மாலை 6.47, 'வெளியே'. கடல் தண்ணீரில் நாள் கணக்கு சரியாகச் சொல்ல முடியாது என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஆறு வருடம் ஆகிறது. என் விரலில் புதுத் தோல் வளர்ந்துவிட்டது. வழவழவென்று இருக்கிறது. ரேகை இல்லை. தழும்பும் இல்லை.

அந்த அமாவாசைச் செவ்வாய் மாலை வரை அவள் உயிரோடு இருந்தாள் என்றுதான் இன்றைக்கும் ஊர் நம்புகிறது. ஏழு ராத்திரி எவன் வீட்டில் இருந்தாள் என்று அந்த அக்காவின் காதுபடவே பேசுகிறார்கள். எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியும். அந்த அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.