நசுங்காத எலுமிச்சம்பழங்கள்

தொண்ணூறுகளின் நடுவில் திருவண்ணாமலையில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்பாசிடர் முதலாளியுடையது. "போலீஸ், கேஸ்னு எதாவது வந்துச்சுன்னா சாவிய வச்சுட்டுப் போய்க்கினே இரு" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஒரு நாள் காலை, தேரடித் தெருவில் சின்னப் பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு சிவப்புப் புதுக் காருக்குப் பூஜை. வழியில்லாமல் பின்னால் நிறுத்திக் காத்திருந்தேன். குருக்கள் சூடம் காட்டி, நான்கு டயருக்கு முன்னாலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்து, "ஏத்துங்க" என்றார். கார்க்காரர் பதற்றத்தில் ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டார். வண்டி சர்ரென்று பின்னால் வந்து என் ஹெட்லைட்டை உடைத்தது.

இறங்கியவர் நேராக என்னிடம் வந்தார். "யோவ், நிக்கிற வண்டிய வந்து இடிக்கிறியே, கண்ணு தெரியல?"

கூட்டத்தைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"பாருங்க, வாயத் தொறக்கிறானா? பிள்ளையார் கொழுக்கட்டைய வாயில அடக்கிக்கினு நிக்கிறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த எங்கள் ஸ்டாண்டு டிரைவர்களும் சிரித்தார்கள். தினமும் என்னோடு டீ குடிக்கிறவர்கள். நடந்ததைப் பார்த்த குருக்கள் தட்சணைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏட்டு வந்தார். புதுக் காரைப் பார்த்தார், என் காக்கிச் சட்டையைப் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "தப்பு என்னுதுன்னு மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டுப் போப்பா" என்றார். எழுதினால் வேலை போய்விடும்.

தலையைக் குனிந்தேன். அப்போதுதான் பழங்கள் கண்ணில் பட்டன. டயருக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி, முழுசாக. உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஆள் நன்றாக மாட்டட்டும் என்று இருந்தது.

"நடந்தத மொதல்ல அவர எழுதச் சொல்லுங்க சார். நான் எவ்ளோ தூரம் தள்ளினேன்னும் எழுதட்டும்."

"எழுதறேன்யா! ரெண்டு அடி தள்ளின!" ஏட்டிடம் வேறொரு தாள் வாங்கி எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்தத் தாள் ஏட்டு கைக்குப் போகும்வரை காத்திருந்தேன்.

"ரெண்டு அடி முன்னால போன வண்டி பழத்து மேல ஏறலையா சார்?"

ஏட்டு குனிந்து பார்த்தார். "என்ன சார், வண்டி பழத்தத் தாண்டிக் குதிச்சுதா?"

இப்போது ஸ்டாண்டுக்காரர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். கார்க்காரர் என் தோளில் கை வைத்தார். "விட்டுடு தம்பி. லைட்ட நான் மாத்தித் தரேன். பூஜை போட்ட அன்னிக்கே புது வண்டி ஸ்டேஷனுக்குப் போக வேணாம்."

"எனக்குக் குடுத்த தாள்ல அவர் மன்னிப்பு எழுதட்டும் சார். எழுதிட்டு சத்தமா படிக்கட்டும்."

படித்தார். பாதியில் குரல் இறங்கியது. "கேக்கல" என்றேன். முதலிலிருந்து படித்தார்.

அவர் வண்டியை எடுப்பதற்குள் நான்கு பழங்களையும் பொறுக்கிக்கொண்டேன். "ஐயோ, திருஷ்டிப் பழங்க, அத எடுக்காதீங்க!" என்று அவர் மனைவி கத்தினார். பழத்தின் மேல் ஏறாமலேதான் அந்தக் கார் வீட்டுக்குப் போனது.

என் மனைவியும் அவற்றைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். நானே பிழிந்தேன். உப்பு ஜாஸ்தியாகிவிட்டது. ஆனாலும் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.