வாங்கறதுக்கு முன்னால கொஞ்சம் சுத்திப் பாக்கறேனுங்க

தூண்டில் ரீல் விக்கிற தொழில்ல ஒரு சாபக்கேடு உண்டு: கடைக்கு வர்ற ஒருத்தரும் அதைச் சும்மா வாங்கிட்டுப் போக மாட்டாங்க. சேலைக்கடைக்காரங்க விரிச்சுக் காட்டிட்டு மடிச்சு வச்சுக்கலாம். நாங்க ஆட்டிக் காட்டணும், காதுல வச்சுக் காட்டணும், சமயத்துல கழட்டியும் காட்டணும். அதுவும் வெலை கொறைஞ்ச ரீலுன்னா சந்தேகம் ரெட்டிப்பு. மேஜைக்குப் பின்னால நின்னு பழகின அத்தனை பேருக்கும் இந்தப் பாடு தெரியும். நீங்களும் கடை வச்சிருக்கறவங்க, உங்ககிட்டச் சொல்லாம வேற யாருகிட்டங்க நான் சொல்றது?

நான் பொறந்தது ஜலகண்டாபுரம், வாக்கப்பட்டது எடப்பாடி. கல்யாணத்துக்கு முன்னால தறிப்பட்டறையில தார் சுத்திட்டிருந்தவ. தார்னா தறியில குறுக்க ஓடற நாடாவுக்குள்ள வைக்கிற, நூல் சுத்துன குச்சி. தூண்டியைத் தொட்டதுகூடக் கிடையாது. எங்க ஊட்டுக்காரருக்குத்தான் மீன் புடிக்கற கிறுக்கு. பூலாம்பட்டி போற ரோட்ல அவங்க அண்ணன் கட்டடத்துல ஒரு ரூமைக் கேட்டு வாங்கி இந்தக் கடையப் போட்டாரு. மூணே மாசத்துல போர்வெல் ரிக் வண்டியில வேலைன்னு வடக்க கெளம்பிட்டாரு. கடை என் தலையில.

அவங்க அண்ணன், அதாவது எங்க மச்சாண்டார், வாடகை வேண்டாம்னுட்டாரு. ஆனா ஒரு கெடு வச்சாரு: "ஆடி முடியட்டும் அம்மணி. அதுக்குள்ள கடை சூடு புடிச்சா சரி. இல்லீன்னா செல்போன் கவர் விக்கிற ஒருத்தன் ரூமைக் கேட்டுட்டே இருக்கறான், அவனுக்கு உட்டர்றேன்." அப்ப சித்திரை மாசம். ஊட்டுக்காரர் திரும்பி வர்றப்ப கடை இருக்கணும்ங்கறதுகூட அப்பறம். முதமுதலா ஒரு கடைக்கு நான் ஓனரம்மா, அதை உட எனக்கு மனசில்ல.

பேரிங்கு எங்கே?

சங்ககிரியில லாரிப் பட்டறை வச்சிருக்கறவர் ஒருத்தர் வந்தாரு. பெட்டியில பன்னெண்டு பேரிங்னு போட்டிருந்துச்சு. இருக்கறதுலயே மலிவான ரீல் அது. "இந்த வெலைக்குப் பன்னெண்டா?"ன்னு புருவத்தைத் தூக்குனாரு. நான் ஊட்டுக்காரர் சொல்லிக் குடுத்ததை அப்படியே ஒப்பிச்சேன்: "பேரிங் அதிகமா இருந்தா வழவழன்னு சுத்துமுங்க." கைப்பிடியைப் புடிச்சு லாரிச் சக்கரத்தை ஆட்டறாப்ல ஆட்டுனாரு. "பிளே இருக்குதே, லொடலொடங்குது"ன்னாரு. அடுத்த நிமிசம் சட்டைப் பையில இருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவர் வெளிய வந்துருச்சு.

நான் வேண்டாம் வேண்டாம்ங்கறதுக்குள்ள ரீல் என் மேஜைமேல பதினெட்டுத் துண்டா கெடக்குது. ஒரு ஸ்பிரிங்கு துள்ளிப் போயி சாமி படத்துக்குப் பின்னால உழுந்துருச்சு. அவரு பேரிங்கை மட்டும் தனியா எடுத்து வரிசையா வச்சாரு. நாலு. எனக்கு முகம் செத்துப்போச்சு. மனுசன் கோவிச்சுக்கல. மறுபடி மாட்டிக் குடுத்து, அந்த ரீலையே வாங்கிட்டு, படியிறங்கறப்பச் சொன்னாரு: "நாலு உள்ள இருக்குதுங்க, மீதி எட்டு அட்டைப்பொட்டில இருக்குது. பொட்டியத் தூக்கிப் போட்டுறாம பத்திரமா குடுங்க."

எண்ணெய் வைத்தியம்

சின்னுசாமி அண்ணனுக்கு எட்டுத் தறி. ரீலைக் கையில வாங்குனதும் கண்ணை மூடிட்டுக் காதுகிட்ட வச்சு மெதுவா சுத்துனாரு. பட்டறையில எந்தத் தறி என்ன சத்தம் போடுதுன்னு கேட்டுப் பழகுன காது. "உள்ள வறவறங்குது அம்மணி. எண்ணெய் காஞ்சு கெடக்குது"ன்னாரு. வேகமா சுத்துனா எந்த ரீலும் நல்ல ரீல்தான், மெதுவா சுத்துனாத்தான் உள்ள இருக்கற கரகரப்பு தெரியும்னு நான் கத்துக்கிட்டது அவருகிட்டத்தான்.

ஆனா அதோட நிறுத்துனாரா? ரீலுக்குக் காசு குடுத்த கையோட வண்டிப் பொட்டியில இருந்து தறி எண்ணெய்க் கேனை எடுத்தாந்து, ஓட்டை கண்ட எடத்துல எல்லாம் ஊத்துனாரு. மீன் ரொம்ப இழுத்தா தூண்டி நரம்பு அறுந்துறாம, இறுக்கிப் புடிச்சுக் கொஞ்சங் கொஞ்சமா விட்டுக் குடுக்கறதுக்கு ரீலுக்குள்ள ஒரு பிரேக்கு உண்டு, டிராக்குன்னு சொல்லுவாங்க. அதுக்கும் அபிஷேகம் நடந்துச்சு. அதுல எண்ணெய் பட்டா வழுக்கும்னு எனக்கு அப்ப வெவரம் பத்தல. ரெண்டு நாள் கழிச்சு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்தாரு. கட்லா மாட்டுச்சாம், பிரேக்கு புடிக்கவே இல்லையாம், மொத்த நரம்பும் மீனோட ஆத்துல போயிருச்சாம். "சத்தம் நின்னுச்சுங்களாண்ணா?"ன்னு பாவமா கேட்டேன். அவரு சொன்னாரு: "சுத்தமா நின்னுருச்சு அம்மணி. மீன் போனதுகூடச் சத்தமில்லாமத்தான் போச்சு."

முட்டைக்காரர் பார்வை

நாமக்கல்ல இருந்து ஒரு முட்டை யாவாரி. ஒரே மாடல்ல என்கிட்ட இருந்தது பதினோரு ரீலு. பதினொண்ணையும் வெளிய எடுத்து வைக்கச் சொன்னாரு. ஒவ்வொண்ணையும் லைட்டுக்கு நேரா தூக்கிப் பாத்தாரு, காதோரம் குலுக்குனாரு, நரம்பை மடக்கிப் புடிக்கற வளையக் கம்பியைத் தொறந்து டப்புனு மூடிப் பாத்தாரு. நடுவுல ரெண்டு டீ வேற நான் வாங்கிக் குடுத்தேன். ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. கடைசியில முதல்ல பாத்த ரீலையே எடுத்துக்கிட்டாரு. "எல்லாம் ஒண்ணுதானுங்களே, அப்பறம் எதுக்குங்க இவ்வளவு பாடு?"ன்னேன். "எல்லாம் ஒண்ணுதான்னு பாத்தாத்தானுங்களே தெரியும்?"னுட்டுப் போயிட்டாரு.

விக்காத யாவாரம்

இப்படி ஆளாளுக்கு ஒண்ணு செஞ்சதுல ஆனி மாசத்துக்குள்ள எனக்கே கை வந்துருச்சு. கைப்பிடி ஆட்டம், மெதுவா சுத்தற சத்தம், கம்பி மூடற வேகம் எல்லாம் பாத்துருவேன். என் பங்குக்கு ஒண்ணு சேத்துக்கிட்டேன்: நரம்பைச் சுத்திப் பாக்கறது. தார் சுத்துனவ கண்ணுக்கு அது தப்புமா? நூல் ஒரு பக்கமா மேடு தட்டுனா அது சிக்கப் போகுதுன்னு அர்த்தம்.

சேலத்துல சர்ச்சுல கீபோர்டு வாசிக்கிற தம்பி ஒருத்தர் செல்லுல வீடியோ போட்டுக்கிட்டே உள்ள வந்தாரு. வீடியோவுல ஒருத்தர் ஒரு மலிவு ரீலை ஆஹா ஓஹோன்னு தூக்கி வச்சுப் பேசறாரு. அதே ரீல் என்கிட்ட ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. நரம்பைக் கட்டிச் சுத்துனேன். மேல் பக்கம் கொழுக்கட்டையாட்டம் மேடு. "இது வேண்டாம் தம்பி, வீசுனா சிக்கும்"னேன். அவரு இதுதான் வேணும்ங்கறாரு. நான் குடுக்க மாட்டேங்கறேன். அடுத்த கடை வாசல்ல நின்னு மச்சாண்டார் இதையெல்லாம் பாத்துட்டிருக்காரு. வந்த யாவாரத்தை வாசலோட தொரத்தறாளேன்னு அவரு தலையில அடிச்சுக்கிட்டது எனக்கு இங்க இருந்தே தெரிஞ்சுது. தம்பி வீடியோவை நிறுத்திட்டு என்னைப் பாத்துச் சொன்னாரு: "மேடம், ரிவ்யூ போடுறவங்க கூட இவ்வளவு திட்டலை. விக்கிற நீங்க திட்டுறீங்களே!"

மீன் வேலை

ஆடி கடைசிக்கு முந்துன ஞாயித்துக்கிழமை. மச்சாண்டார் அந்தச் செல்போன் கவர்க்காரனைக் கூட்டிட்டு வந்துட்டாரு, ரூம் காட்ட. அந்த நேரம் பாத்துச் சின்னுசாமி அண்ணன் உள்ள இருந்தாரு. கட்லா போன ஆத்தாமை அவருக்கு. இந்தத் தடவை டிராக்கை இழுத்துப் பாக்காம ரீல் வாங்க மாட்டேன்னு, தூண்டிக் கம்பு இருக்குதே, ராடு, அதுல ரீலை மாட்டி, நரம்பு நுனியில துண்டைக் கட்டிட்டு, மீனாட்டம் இழுக்க ஆள் தேடிட்டிருந்தாரு. வாசல்ல நின்ன மச்சாண்டாரு கையில துண்டைத் திணிச்சாரு. "புடிங்க சாமி. நீங்கதான் மீனு. ஓடுங்க!"

"யோவ், நான் கட்டடத்து ஓனர்யா"ன்னு இவரு சொல்லிட்டிருக்கறப்பவே சின்னுசாமி அண்ணன் சர்ருனு சுத்த, இவரு ரெண்டு எட்டு முன்னால வந்துட்டாரு. எதுத்தாப்ல டீக்கடையில இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. அவ்வளவுதான், மச்சாண்டாருக்கு ரோசம் வந்துருச்சு. "என்னையவா இழுக்கற?"ன்னு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு பேக்கரி வரைக்கும் ஓடுனாரு பாருங்க! ரீல் க்ர்ர்ர்னு பாடுது, நரம்பு அறுகல. டீக்கடை மொத்தமும் மீன் கட்சி. செல்போன் கவர்க்காரன் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, ஒரு போன் வந்துச்சுன்னு போனவன்தான். மூச்சு வாங்கத் திரும்பி வந்த மச்சாண்டார் ராடைப் புடுங்கிக்கிட்டாரு. "இப்ப நான் சுத்தறேன். அம்மணி, நீ ஓடு." ஓடுனேன். வேற வழி?

அன்னைக்கு நாலு ரீல் போச்சு. நாலையும் ஓடிக் காட்டித்தான் குடுத்தோம். ஆனா ரூமைப் பத்தி அவரும் வாயத் தொறக்கல, நானும் கேக்கல. ஒரு வாரம் போச்சு. ஆடி கடைசி ஞாயிறு, அவரா கேக்கறதுக்கு முன்னால நாமளே மரியாதையா குடுத்தரலாம்னு சாவியைக் கையில வச்சுட்டு நின்னேன். வந்தாரு. வேட்டிய ஏற்கனவே மடிச்சுக் கட்டியிருந்தாரு. "மாமா, ஆடி முடியுது"ன்னு சாவியை நீட்டுனேன். அவரு சாவியப் பாக்கவே இல்ல, நேரா ராடைப் போய் எடுத்தாரு: "அந்தப் பேச்சையெல்லாம் அப்பறம் வச்சுக்க அம்மணி, இன்னைக்கு யாரு மீனு, நீயா நானா?"

மீன் வேலை பாத்து நான் எளைச்சது ரெண்டு கிலோ, நெலைச்சது ஒரு கடை.