கழுவாத சக்கரம்

தென்காசிப் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன். மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துப் பழகியதிலிருந்து சுவர், பஸ் பலகை, சோப்பு உறை எதையும் நான் விடுவதில்லை. சா, கு, ல் என்று சேர்த்து, தட்டாமல் ஒரு பெயரை வாசித்துவிட்ட சந்தோஷத்தில் நின்றேன். பிறகுதான் கறுப்புக் கரையும் படமும் கண்ணில் பட்டன. செங்கோட்டைச் சாலையில் வண்டிப் பட்டறை வைத்திருந்த நம் சாகுல் பாய். அடக்கம் முந்தின நாளே முடிந்திருந்தது.

அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதும் இரண்டு வரிக்கு ஒரு தரம் எழுந்து வாசலுக்குப் போய் வருகிறேன். பாயும் அப்படித்தான். அவர் உட்கார்ந்து டீ குடித்து, அவரிடம் வண்டி விட்ட நீங்களும் பார்த்திருக்கமாட்டீர்கள். கையில் கிளாசோடு, சாலையில் போகும் பஸ்ஸின் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி நடப்பார்.

நான் அப்போது வேலம்மாளுடைய லோடு வேன் ஓட்டினேன். விடியலில் சுந்தரபாண்டியபுரம் வயல்களில் வெங்காயமும் கத்தரிக்காயும் ஏற்றி, குற்றாலத்து ஓட்டல்களில் இறக்க வேண்டும். ஒரு சாரல் காலத்தில் ஸ்டியரிங் ஆடத் தொடங்கியது. மெயின் ரோட்டில் வேகம் கூடினதும், காலைக் கட்டிப் பிடித்த கோழி மாதிரி கைக்குள் துடிக்கும். பாய் டயரை மாற்றினார், அலைன்மெண்ட் பார்த்தார், வீல் பேலன்ஸ் செய்தார். பட்டறையிலிருந்து ஓட்டிப் பார்த்தால் எண்ணெய் வழிந்த மாதிரி ஓடும். மறுநாள் காலையில் மறுபடியும் ஆடும்.

கடைசியில் வேலம்மாளே பட்டறைக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, பாயை ஓட்டச் சொல்லிப் பார்த்தாள். ஒரு ஆட்டமும் இல்லை. கோபப்படாமல், இரக்கமாகத்தான் என்னிடம் சொன்னாள். “வண்டிக்கு ஒன்னுமில்ல அண்ணாச்சி. உங்களுக்கு வயசாயிட்டு, கைதான் ஆடுது. வேற ஆளப் பாத்துக்கிடுதேன்.” அந்த இரக்கம்தான் என்னைப் போட்டு அரித்தது. வீட்டில் தண்ணீர்ச் செம்பைக் கையில் பிடித்து, நீர் அசைகிறதா என்று பார்த்தபடியே இருந்தேன். வேன் போனால் எனக்கு வேறு என்ன தெரியும்?

பாயும் அதையே சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்று அவள் அவரிடம் கேட்டாள். “இன்னும் ஒரு தடவ ஓட்டிப் பாத்துருதேன் தாயி” என்றார். எந்த வண்டிக்கும் அவர் வாயில் இருக்கும் வார்த்தை அது.

மறுநாள் நான் வயலில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது தூறலில் நனைந்தபடி மொபெட்டில் வந்து நின்றார். “ராத்திரியெல்லாம் கட்டில ஆட்டாதீங்கன்னு வீட்டுல ஏசுதா. உங்க வண்டி நெனப்புல காலு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கு அண்ணாச்சி” என்று சாவியை வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெயின் ரோடு ஏறி வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் ஆடியது. பாய் என் பக்கம் திரும்பவில்லை.

“உங்க கை மடியிலதான இருக்கு?”

“ஆமா பாய்.”

அவர் சிரித்த சிரிப்பில் வேனே நின்றுவிட்டது. வெள்ளைச் சட்டையோடு ரோட்டோரம் படுத்து, முன்சக்கரத்துக்கு உள்பக்கம் கைவிட்டார். வயல் களிமண் அங்கே ஒரு பக்கமாக அப்பி, செங்கல் கனத்துக்கு இறுகியிருந்தது. ஒரு பக்கம் கனம் கூடினால் சக்கரம் வேகத்தில் உதறத்தானே செய்யும்? பெயர்த்து எடுத்தவர், பட்டறைக்கு வரும்போதெல்லாம் இது எங்கே போனது என்று கேட்டார். வாய்க்காலில் இறக்கி, சக்கரத்துக்குள் கைவிட்டுத் தேய்த்துக் கழுவித்தான் கொண்டுவருவேன் என்றேன்.

“எதுக்கு?”

“ஆஸ்பத்திரிக்குக் குளிச்சிட்டுத்தான போவோம்?”

தலையில் அடித்துக்கொண்டார். “சீக்கக் கழுவிப் போட்டுட்டு, சீக்காளிய மட்டும் எங்கிட்ட கூட்டிட்டு வந்திருக்கீங்க.”

குற்றாலத்தில் வெங்காயத்துக்குக் காத்திருந்தார்கள். பாய்க்கு அது ஞாபகமே இல்லை. வண்டியை நேரே வேலம்மாள் வீட்டுக்கு விட்டார். அவள் காப்பி குடித்துக்கொண்டிருந்த மேசையில் அந்த மண்கட்டியை வைத்தார். “இந்தாங்க தாயி, அண்ணாச்சியோட கைநடுக்கம்.” அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒரு காப்பி போடச் சொன்னாள். அதற்குப் பிறகு, மெயின் ரோடு ஏறும் முன்பே வரப்போரம் நிறுத்திச் சக்கரத்தைச் சுரண்டிவிடுவேன். நானாகப் போதும் என்று இறங்கும்வரை அந்த வேன் என்னிடமே இருந்தது.

அன்று முதல் யார் வந்தாலும் பாய்க்கு ஒரே பேச்சு, “கழுவாம கொண்டாங்க.” ஆயில் கசிவைத் துடைத்துவிட்டு வந்து நின்று நீங்களும் ஏச்சு வாங்கியிருப்பீர்கள்.

போன வாரம் துக்கம் கேட்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கொஞ்ச நாளாக நெஞ்சு வலித்திருக்கிறது. டாக்டர் கேட்டபோது, நல்லாயிருக்கேன் என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டாராம். “அந்த மனுசன் ஒரு இடத்துல உக்காந்தாருன்னதும் எனக்குப் பயம் வந்துட்டு அண்ணாச்சி” என்றார் அவர் மனைவி. அத்தனை பேருக்கும் சொன்ன மனிதர், தன் வலியை மட்டும் கழுவிக்கொண்டு போயிருக்கிறார். இதை நினைத்தால் மனசு இன்னும் ஆறவில்லை.

என் கை இப்போது நிஜமாகவே ஆடுகிறது. எழுத்துகள் கோட்டை விட்டு இறங்குகின்றன, பாதித் தாள் அடித்தலும் திருத்தலும்தான். வகுப்பு டீச்சர் பார்த்துவிட்டு, நல்ல தாளில் ஒரு தரம் திருத்தமாக எழுதிக் கொடுங்கள் தாத்தா என்றாள். மாட்டேன் என்றேன். பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். உங்களிடம் இதைக் கழுவாமலே கொண்டுவந்திருக்கிறேன்.