கேத்தல் சின்னத்து டொக்டர்

என் அண்ணன் ஜெயரூபனை இப்போது ஊரில் கேத்தல் டொக்டர் என்கிறார்கள். பிரதேச சபைத் தேர்தலில் அவருடைய சுயேச்சைக் குழுவுக்குக் கிடைத்த சின்னம் கேத்தல், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கிற பாத்திரம். அவர் தேநீர்கூடக் குடிப்பதில்லை. சின்னம் கிடைத்த அன்று நான் விழுந்து விழுந்து சிரித்ததில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழும்பிப் போனார். அதற்கு முன் பத்து வருடமாக அவருக்கு வேறு பெயர் இருந்தது: சொல்லாத டொக்டர். அந்தப் பெயர்தான் அவரைச் சபைக்கு அனுப்பியது.

எங்கள் ஊர் புன்னைத்துறை. கல்லடியிலிருந்து தெற்கே போகிற பஸ்ஸில் ஏறி, தேற்றாத்தீவுக்கு முன்னால் இறங்கவேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நாங்கள். வலை போட்டுப் பிழைப்பவர்கள் பாதி, வெடி போட்டுப் பிழைப்பவர்கள் மீதி. வெடி என்றால் டைனமைட். திரியைக் கொளுத்தி மீன் கூட்டத்தின் நடுவே எறிந்தால், கண்மூடித் திறப்பதற்குள் மீன்கள் குடல் பிதுங்கி மிதக்கும். எறியப் பிந்தினால் கை போகும். அப்படிக் கை போனவன் பெரியாஸ்பத்திரிக்குப் போகமாட்டான். அங்கே பொலிஸ் கேள்வி கேட்கும், பிறகு வழக்குப் போட்டு மறியலில் அடைக்கும்.

அண்ணன் அரசாங்க வேலையை விட்டு வந்து எங்கள் வீட்டு முன்னறையில் டிஸ்பென்சரி திறந்த முதல் வருடமே வினாயகமூர்த்தி வந்தார். இடது கையைச் சாரத்தில் சுற்றியிருந்தார். அண்ணன் சாரத்தை அவிழ்த்தபோது இரண்டு விரல்கள் துணியோடு கழன்று வந்தன. நான் மருந்து கட்டிக் கொடுக்கிறவள். அன்றைக்கு வாளி பிடித்தேன்.

"பொலிசுக்குச் சொல்லிராதீங்க டொக்டர். புள்ளகுட்டிக்காரன் நான்" என்று மூர்த்தியண்ணன் கதறினார்.

அண்ணன் எலும்புத் துண்டுகளைப் பொறுக்கியபடியே, "இந்த வாசலுக்குள்ள நடக்கிறது வெளிய போகாது. கைய ஆட்டாதீங்க" என்றார். கை மணிக்கட்டோடு முடிந்தது. ஆள் பிழைத்தார்.

அந்த வார்த்தை ஊரெல்லாம் பரவிவிட்டது. பிறகு வராத காயம் இல்லை. கண் போனவன் வந்தான். கன்னம் கிழிந்து கடைவாய்ப்பல் வெளியே தெரிய ஒருவன் வந்தான். அண்ணன் தைத்தார், ஒருவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. தரை கழுவிக் கழுவி என் கை வெந்தது. நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன்.

"காயத்துக்கு என்னகா சரி, பிழை?" என்பார் அவர்.

அவரை மாற்றியது எங்கள் அடுத்த தெருவில் இருந்த தனுஷியா என்ற பெண்ணின் சாவு. அவள் கல்யாணம் முடித்து இரண்டாம் வருடம். மழையில் நனைந்த வெடியை அவளுடைய புருஷன் அடுப்படியில் காயவைத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறான். அவள் உலை வைக்கப் போயிருக்கிறாள். சத்தம் கேட்டதும் அண்ணன் ஊசிப் பெட்டியோடு வெறுங்காலில் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். குசினிச் சுவர் இருக்கவில்லை. தைப்பதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. முற்றத்து மாமரத்தில் தொங்கிய அவளுடைய கூந்தலை ஆட்கள் கொக்கத்தடியால் எடுத்தார்கள்.

அன்றைக்கு அண்ணன் கிணற்றடியில் உடுப்போடு உட்கார்ந்திருந்தார். "தைச்சுத் தைச்சு இத வளர்த்தது நான்தான். இத நிப்பாட்டோணும். அதுக்குச் சபைக்குப் போகோணும்" என்றார். எனக்குச் சபை, தேர்தல் என்றாலே பயம். ஆனாலும் அவர் சொன்னது உண்மை.

2025 மே மாதத் தேர்தலில் அண்ணனுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர் யார் தெரியுமா? மூர்த்தியண்ணன்தான். மொட்டைக் கையைத் தூக்கிக் காட்டி, "இத வெட்டி எண்ட உசிரக் காப்பாத்தினவரும் இவர்தான், வாயத் துறக்காம இருந்தவரும் இவர்தான். கேத்தலுக்குப் புள்ளடி போடுங்க" என்று கேட்டுத் திரிந்தார். ஒற்றைக் கையால் இன்னமும் வெடி எறிந்துகொண்டிருந்த மனுசன் அவர். அண்ணனோ ஏறிய மேடையெல்லாம் வெடியை ஒழிப்பேன் என்று பேசினார். அதற்கு ஓங்கிக் கைதட்டியவர்கள் வெடிக்காரர்கள். 

"மூர்த்தியண்ணன், உங்கட தொழில நிப்பாட்டப்போறன் எண்டு சொல்றார். நீங்க அவருக்கே ஆள் சேர்க்கிறீங்களே?" என்று கேட்டேன்.

"மேடையில அப்பிடித்தான் சொல்லோணும் தங்கச்சி" என்று சிரித்தார். "எங்கட டொக்டர் எங்களக் காட்டிக் குடுப்பாரா?"

இதை அண்ணனிடம் சொன்னேன். "நான் ஒளிச்சா சொல்றன்? அவங்களுக்கு விளங்கும்" என்றார். படித்த மனுசனுக்கு ஊர் விளங்கவில்லை. ஊருக்கு அந்த மனுசன் விளங்கவில்லை. கேத்தல் வென்றது.

சபையின் இரண்டாவது கூட்டத்தில் அண்ணன் எழும்பிப் பேசினார். யாரோ அதைக் கைபேசியில் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். "இனி என்ட வாசலுக்கு வெடிக்காயத்தோட ஆர் வந்தாலும் மருந்தும் கட்டுவன், பொலிசுக்கும் அறிவிப்பன்." மறுநாள் காலையில் எங்கள் கேற்றில் வயிறு கிழித்த நாய் ஒன்று தொங்கியது. நான்தான் கயிற்றை அறுத்து இறக்கிப் புதைத்தேன். அதற்குப் பிறகு சில வாரங்கள் கடலில் சத்தமே இல்லை. அண்ணனுக்குப் பெரிய சந்தோசம். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

ஒரு நாள் காலை வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டோ ஒன்று எங்கள் கேற்றடியில் வேகம் குறைந்தது. பின்சீற்றில் மூர்த்தியண்ணன் சரிந்து கிடந்தார். அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளையக்கா அவருடைய வலது கையைத் தன் சேலையில் பொத்திப் பிடித்திருந்தார். சேலையிலிருந்து ரத்தம் தெருவில் ஒழுகியது. அக்கா என்னைப் பார்த்தார். பிறகு, "நிப்பாட்டாத, போ!" என்று ஆட்டோக்காரனின் முதுகில் அடித்தார். ஆட்டோ வாவிப்பக்கம் அவர்களுடைய வீட்டுக்குப் போய்விட்டது.

நான் போட்ட கூச்சலில் அண்ணன் பெட்டியோடு வந்து மோட்டார் சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் ஏறினேன். அங்கே போனால், சீதேவிப்பிள்ளையக்கா மீன் வெட்டுகிற கத்தியோடு வாசலை மறித்து நிற்கிறார். உள்ளே மூர்த்தியண்ணன் மாடு போல் அலறுவது கேட்கிறது. காயத்தில் கோப்பித்தூளை அள்ளி அப்பியிருக்கிறார்கள், அந்த வாசம் தெருவரை வருகிறது.

"பொலிசுக்குச் சொல்ல மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு உள்ள வாங்க" என்றார் அக்கா.

 டொக்டர் ஜெயரூபன் அதற்குப் பதில் சொல்ல ஒரு மூச்சு நேரம்கூட எடுத்திருக்கமாட்டார். சபை உறுப்பினர் ஜெயரூபன் எடுத்தார். உள்ளே அலறல் தேய்ந்துகொண்டு போனது.

"அண்ணா, ஆள் சாகுது!" என்று நான் கத்தினேன்.

"சொல்ல மாட்டன்" என்றார். கத்தி இறங்கியது.

வலது கை முழங்கைக்குக் கீழே நார் நாராகத் தொங்கியது. முகமெல்லாம் கருகியிருந்தது. அண்ணன் கோப்பித்தூளைக் கழுவி, ரத்தம் பாய்ந்த குழாய்களைத் தேடிப் பிடித்துக் கட்டினார். ஆனாலும் போன ரத்தம் போனதுதான்.

"ரத்தம் ஏத்தாட்டி ஆள் தப்பாது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும்."

"அங்க பொலிஸ் இரிக்குமே!"

"நான் ஒண்டும் சொல்ல மாட்டன். உங்களுக்கு மனுசன் உசிரோட வேணுமா, இல்லையா?"

பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மூர்த்தியண்ணன் பிறகு உயிரோடு திரும்பி வந்தார், இரண்டு கையும் இல்லாமல். அண்ணன் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் நின்றவள் நான், எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். கருகிய முகத்தோடும் பிய்ந்த கையோடும் போனவரைப் பார்த்தால் யாரும் சொல்லாமலே பொலிசுக்குத் தெரியாதா? கொண்டுபோன அன்று பின்னேரமே அவர்களுடைய வீட்டுக்குப் பொலிஸ் ஜீப் வந்தது. மூர்த்தியண்ணனின் தேங்காய்க் குவியலுக்குள் இருந்த வெடியை எடுத்தார்கள். மூத்த மகன் தனோஜனை அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

டொக்டர் காட்டிக் கொடுத்துவிட்டார் என்றது ஊர். சபையில் எழும்பி நின்று சொல்வேன் என்ற மனுசன் சொல்லவில்லை என்றால் யார் நம்புவது?

தனோஜன் பிணையில் வெளியே வந்த வாரமே, மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்குள் வந்தான். பட்டப்பகல். சுவரோரத்து நீள வாங்கில் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த மூன்று பேரில் இருவருக்கு அண்ணன் தையல் போட்டிருக்கிறார். அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்து, வலது கையை என் மருந்து மேசையில் வைத்து அழுத்தினார்கள். தனோஜனிடம் இரும்புக் கம்பி இருந்தது.

"எங்கட அப்பாக்கு ரெண்டு கையும் இல்ல. உனக்கு என்னத்துக்குடா?"

முதல் அடியில் மேசைப் பலகை பிளந்தது. அடுத்த அடி கையில் விழுந்தது. பிறகும் அடித்தான். எலும்பு நொறுங்கும் சத்தத்தை வாழ்நாளில் எத்தனையோ தரம் கேட்டவள் நான், அன்றைக்குத்தான் வாந்தி எடுத்தேன். குசினிக்கு ஓடி உலக்கையை எடுத்து வந்து ஒருவனின் தோளில் போட்டேன். அவன் என் வாயில் குத்தினான், முன்பல் போய்விட்டது. வாங்கில் இருந்தவர்களில் ஒருவரும் எழும்பவில்லை. அவர்களை நான் மன்னிக்கமாட்டேன்.

பெரியாஸ்பத்திரியில் பொலிஸ்காரர் வந்து எப்படி நடந்தது என்று கேட்டார். "மோட்டார் சைக்கிள்ல இருந்து விழுந்திட்டன்" என்றார் அண்ணன். பொலிஸ்காரர் வீங்கிய என் வாயைப் பார்த்தார். "பின்னுக்கு இருந்தவ" என்றார் அண்ணன். நாலு பேருடைய பெயரும் என் நாக்கு நுனியில் நின்றது. அண்ணன் இடது கையால் என் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தார்.

பொலிஸ்காரர் போனதும் அழுதுகொண்டே கேட்டேன், "ஏன் மறைச்சீங்க? உங்களுக்கு விசரா?"

"மூர்த்திக்கு ஒரு வாய் சோறு எடுக்கக் கையில்ல. மகனையும் உள்ள போட்டா அந்த வீட்டில உழைக்க ஆர் இரிக்கா?"

அவர்மேல் எனக்கு வந்த கோபம் தனோஜன்மேல் வந்த கோபத்தைவிடப் பெரியது. இன்னும் தீரவில்லை.

எலும்பு பொருந்தும், விரல் மடங்காது என்றார் சத்திரசிகிச்சை டொக்டர். ஊசி பிடிக்கலாமா என்று மட்டும் அண்ணன் கேட்டார். இல்லை என்று தலையாட்டினார் அவர். டிஸ்பென்சரிப் பலகையை நானே கழற்றினேன். சபை வேலைக்குக் கை தேவையில்லை, வாய் போதும் என்று பகிடி விட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை.

அடுத்த சபைக் கூட்டத்தன்று காலையில் அவருக்கு வெள்ளைச் சேட்டைப் போட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தேன். கடல் பக்கம் வெடி ஒன்று அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அண்ணன் சட்டென்று தெருப்பக்கம் திரும்பினார்.

"கேற்றத் துறந்து விடுகா. காயத்தோட ஆராவது வருவாங்க."

"வந்தா ஆர் தைக்கிறது?" என்று கேட்டேன்.

அண்ணன் தானே போய் இடது கையால் கேற்றைத் திறந்துவிட்டு வந்தார். மீதிப் பொத்தான்களையும் பூட்டிவிட்டேன். சபைக்கு நேரமாகியிருந்தது.