பத்தாவது பெண்

பினாங்குத் தீவில், கொடிமலைக்கு ஏறும் குட்டி ரயிலை விட்டால் வேறு ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் ஃபெரி பிடித்து அக்கரைக்குப் போக வேண்டும். அப்படியிருந்தும் பழனியப்பனின் மூன்றாவது நாடகத்தில் கதாநாயகி ரயிலில் விழுந்து செத்தாள். முதல் நாடகத்தில் விஷம், இரண்டாவதில் கிணறு. அதற்குப் பிறகும் வருடத்துக்கு ஒருத்தி வீதம் ஐப்பசி மழையோடு வந்து ஐப்பசி மழையோடு போய்ச் சேர்ந்தாள்.

இந்தக் கணக்கு செல்வநாயகிக்குத் தெரியும். அந்தக் காலத்தில் மேடை நாடகம் போட பெர்மிட் வேண்டும். பெர்மிட்டுக்குக் கதையை மலாயில் இரண்டு பக்கமாகச் சுருக்கி, இது உண்மையான சுருக்கம் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் செல்வநாயகி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், கெலுகோரில் அப்பா விட்டுப்போன வீட்டில் தனி வாழ்க்கை, அரசாங்க அலுவலகத்தில் இருபத்தேழு வருட டைப்பிஸ்ட் உத்தியோகம். அவள் அடித்த கடிதத்தில் ஓர் எழுத்துப் பிழை காட்ட முடியாது என்று பெயர்.

பழனியப்பன் மார்க்கெட் ஸ்திரீட் துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டுபவர். பதினோரு மாதம் எதையும் வாங்காமல் எழுந்து போகும் பெண்கள் மேலுள்ள கோபத்தைத்தான் பன்னிரண்டாவது மாதம் மேடையில் தீர்த்துக்கொள்கிறார் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

1982இல் நவராத்திரி முடிந்த மறுநாள் அவர் பத்தாவது நாடகத்தோடு வந்தார்.

“என்ன தம்பி, இந்த முறையும் சாகத்தான் போறாளோ?”

“விஷம் அக்கா. புருசன் வீட்டுக் கொடுமை தாங்காம. இந்தத் தடவை ஹால்ல ஒருத்தர் கண்ணும் காயாது லா.”

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. செல்வநாயகியின் சுருக்கங்களில் இதுவரை ஒரு பெண்ணும் சாகவில்லை. முதல் வருடம் கடைசிப் பத்திவரை ஒழுங்காகத்தான் அடித்தாள். ‘அவள் இறந்தாள்’ என்ற இடம் வந்ததும் விரல் ஓடவில்லை. ‘அவள் அந்த வீட்டை விட்டுப் போய் வேறிடத்தில் வாழ்ந்தாள்’ என்று அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். யாரும் கேட்கவில்லை. பழனியப்பனுக்கோ அரசாங்க மலாயைப் படித்துப் பார்க்கப் பொறுமை இல்லை. அடுத்தடுத்த வருடங்களில் அவளுக்குத் துணிச்சல் கூடியது. கிணற்றுப் பெண்ணை ஆசிரியர் வேலைக்கு அனுப்பினாள். ரயில் பெண்ணை அதே ரயிலில் டிக்கெட் எடுத்துக் கோலாலம்பூருக்கு ஏற்றிவிட்டாள். இந்தப் பத்தாவது பெண், விஷப் புட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நாடகத்துக்குச் செல்வநாயகி போனதே இல்லை. தன் கையால் காப்பாற்றியவளை இன்னொருவன் கொல்வதைப் போய்ப் பார்ப்பானேன்? நாடகக் குழு கொடுக்கும் இரண்டு இலவச டிக்கெட்டையும் பக்கத்து வீட்டுச் சபூராவின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள்.

அந்த வருடம்தான் வினை. பெர்மிட் கவுண்டரில் பல வருடமாக உட்கார்ந்திருக்கும் நோர்மா, தாளில் முத்திரை குத்திக்கொண்டே மலாயில் சொன்னாள்: “அக்கா, உங்க கதை எல்லாம் நான் ரெண்டு தடவை படிப்பேன். வீட்டுல அம்மாகிட்டயும் சொல்வேன். ஒரு நாடகம்கூட நேர்ல பார்த்ததில்ல.”

இப்படிச் சொல்பவளை வெறுங்கையோடு விடலாமா? கைப்பையில் டிக்கெட் வேறு இருந்தது. நோர்மாவுக்குத் தமிழ் தெரியாதே என்ற தைரியத்தில் எடுத்து நீட்டிவிட்டாள். ஒரு பெண் புட்டியைத் திறந்து குடித்துவிட்டுக் கீழே விழுந்தால் அது புரியத் தமிழ் வேண்டாம் என்பது அவளுக்கு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

நாடகம் அடுத்தடுத்த இரண்டு ஞாயிறு, மாலை மூன்று மணிக்கு. முதல் ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை, கூப்பிடாமலே செல்வநாயகி கவுண்டருக்குப் போய் நின்றாள். நோர்மா தாளை எடுத்து முன்னால் வைத்தாள்.

“இதுல அவ மெஷினைத் தூக்கிட்டுப் போறா. அதை நம்பி அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். வர்ற வழியெல்லாம் பஸ்ல அழுதாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “முன்னாடி வந்த ஒன்பது பேர்?”

“ஒன்பது பேருந்தான்.”

நோர்மா முத்திரையைக் கீழே வைத்தாள். “தமிழ் நாடகம்னா ரொம்ப சந்தோஷமா முடியும்னு நினைச்சிருந்தேன் அக்கா” என்றாள்.

பிறகு உத்தியோகமும் பேசினாள். தாளில் செல்வநாயகியின் கையெழுத்து இருக்கிறது, நோர்மாவின் முத்திரையும் இருக்கிறது. அரசாங்க ஊழியர் பொய்ச் சுருக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டார் என்று மேலே போனால் உத்தியோகமும் பென்ஷனும் என்னாகும் என்று செல்வநாயகிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தாளை மாற்ற இரண்டு வாரம் ஆகும். ஆகவே வருகிற ஞாயிறு நாடகம் தாளில் உள்ளபடி நடக்க வேண்டும். இல்லாவிட்டால் நோர்மா தன் அதிகாரியிடம் சொல்லியே ஆக வேண்டும், பெர்மிட்டும் போய்விடும்.

செல்வநாயகி நேரே துணிக்கடைக்குப் போனாள். பழனியப்பன் கையில் விரித்த சேலையோடு எல்லாவற்றையும் கேட்டார்.

“பத்து வருசமா என் பொண்ணுங்களை நீங்க காப்பாத்திக்கிட்டா இருந்தீங்க? உங்களை யாரு அக்கா கேட்டா?”

“ஒருத்தரும் கேக்கேல்லை தம்பி. பிழை என்ர பக்கந்தான்.”

“ஜனங்க அழத்தானே லா டிக்கெட் எடுக்குறாங்க? அழுகை இல்லாம அது நாடகமா, பள்ளிக்கூட மீட்டிங்கா?”

ஆனால் ஹால் பேசியாகிவிட்டது, டிக்கெட்டும் விற்றாகிவிட்டது. அரை மணி நேரம் குதித்துவிட்டு அடங்கினார். கடைசியில் அவர் சொன்னதுதான் விசித்திரம்.

“சாகப் போறவ என்ன பேசுவான்னா ரெண்டு பக்கம் எழுதிருவேன். கிளம்பிப் போறவ என்னத்தைப் பேசுவா? எனக்குத் தெரியலையே. நீங்களே எழுதிக் கொடுத்திருங்க.”

அன்று மாலை செல்வநாயகி மேசையில் உட்கார்ந்தாள். வெளியே மழை. இப்படி ஒரு மழையில்தான், 1957இல், அக்கா நல்லம்மா ஒரு துணிப்பையோடு இதே வீட்டுக்கு வந்து நின்றாள். இனிப் புருசன் வீட்டுக்குப் போக மாட்டேன், ஒரு மூலையில் இருந்துகொள்கிறேன் என்றாள். அப்பா சாப்பாடு போடச் சொன்னார், புத்தி சொன்னார், பொழுது சாய்வதற்குள் திருப்பி அனுப்பிவிட்டார். பஸ் நிறுத்தம்வரை குடை பிடித்துக்கொண்டு போனவள் செல்வநாயகி. பன்னிரண்டாம் நாள் நல்லம்மா விஷம் குடித்தாள். காய்ச்சலில் போய்விட்டாள் என்று யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். வீட்டில் நல்ல கையெழுத்து செல்வநாயகிக்குத்தான். அந்தக் கடிதத்திலும் எழுத்துப் பிழை இல்லை.

பன்னிரண்டு தாளைக் கிழித்துப் போட்டாள். பதின்மூன்றாவதில் ஒரே ஒரு வரி நின்றது.

அடுத்த ஞாயிறு, முதல்முறையாக அவளும் ஹாலுக்குப் போனாள். கடைசி வரிசையில் நோர்மாவும் அவள் தாயாரும் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். தகரக் கூரையில் மழை கொட்டியதால் பாதி வசனம் காதில் விழவில்லை. கதாநாயகி மீனாட்சி, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை செய்பவள். நன்றாகவே நடித்தாள். புட்டியை எடுத்ததும் ஹாலில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. போன வாரம் பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம், இதோ குடிக்கப் போறா என்று சொன்னார்கள்.

மீனாட்சி புட்டியைப் பார்த்தாள். மூடியைத் திருகி அலமாரியில் வைத்தாள். தையல் மெஷினைத் தூக்கினாள். அது நிஜ மெஷின். கனம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்தாள். வாசல்வரை போய்த் திரும்பிச் சொன்னாள்:

“நான் போறேன். உலை கொதிக்குது. யாராவது இறக்கி வையுங்க.”

மேடையின் பக்கத்து வழியில் மெஷின் நுழையாது என்று தெரிந்தோ என்னவோ, முன்படியில் இறங்கி, ஜனங்களுக்கு நடுவே நடந்து, பின்கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் போய்விட்டாள். திரை விழுந்தது.

ஒருவரும் கைதட்டவில்லை, ஒருவரும் எழுந்திருக்கவும் இல்லை. முந்நூறு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். “இன்னும் சாகலையே” என்றார் ஒரு பெரியவர். “வருவா, இருங்க” என்றார் இன்னொருவர். ஐந்து நிமிடம் போனது. நடு வரிசையில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு புருசனைப் பார்த்துச் சொன்னாள்: “அவ போயிட்டா. இனி வர மாட்டா. எந்திரிங்க.”

நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஓரத்தில் நின்ற பழனியப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் பயந்தபடிதான் ஆயிற்று. போகிறவர்களில் ஒருவர் கண்ணும் நனைந்திருக்கவில்லை. கடைசி வரிசைவரை வந்து பார்த்திருந்தால் ஒருத்தி அகப்பட்டிருப்பாள். செல்வநாயகி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, இருபத்தைந்து வருடமாக அழாத அழுகையை அழுதுகொண்டிருந்தாள்.

நோர்மாவின் தாயார் திறந்து கிடந்த பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செல்வநாயகியின் கையைத் தொட்டு மலாயில் கேட்டார்.

“அந்தப் புள்ள இந்த மழையில எங்கே போகும்?”

செல்வநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என் வீட்டுக்கு” என்றாள்.